காத்தவராயனைத் திட்டிய பெட்டி

போன வருடம் ஆடி மாதக் கடைசி வெள்ளிக்கிழமை, மரக்காணத்திலிருந்து கடலூர் வரைக்கும் கடலில் நின்ற படகுகளிலெல்லாம் ஒரு பெட்டி காத்தவராயனைத் திட்டியது.

பெட்டிக்குக் 'கடல் கேப்டன்' என்று பெயர். டிபன் டப்பா அளவுள்ள கறுப்புப் பெட்டி. படகு எங்கே நிற்கிறது, கரை எந்தப் பக்கம், காற்று எப்படி என்று அதன் திரை காட்டும். ஓரத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். ஆபத்தில் அதை அழுத்தினால் சுற்றுவட்டாரத்துப் பெட்டிகளெல்லாம் ஊளையிட்டு, ஆள் இருக்கும் இடத்தையும் காட்டிக் கொடுக்கும். நல்ல சாமான்தான். ஆனால் அன்று விடிந்ததும் திரையில் கரையும் காணோம், காற்றும் காணோம். கொட்டை எழுத்தில் சுத்தமான தமிழில் இப்படி வந்தது:

"டேய் காத்தவராயா! தேரன்னைக்கு எவன்டா கடலுக்குப் போவான்? படகத் திருப்புடா!"

அதோடு பெட்டி அணைந்தது. மறுநாள்தான் கண்ணைத் திறந்தது.

மீன்பிடிக்கிறவர்கள் சும்மா இருப்பார்களா? போனில் படம் பிடித்து வாட்ஸப்பில் தட்டிவிட்டார்கள். மத்தியானத்துக்குள் அது நாகப்பட்டினம் போய்ச் சேர்ந்துவிட்டது. ஆந்திராக் கரையிலிருந்து ஒருவர், இது என்ன மந்திரம், எந்தச் சாமிக்கு உரியது என்று பயபக்தியோடு கேட்டு ஆடியோ அனுப்பினார்.

மறுநாள் சாயங்காலம் முத்தியால்பேட்டையில், மாவு மில்லுக்கு மேல்மாடியில் குடியிருந்த ஹேமலதாவின் வீட்டுக்கு அவளுடைய அண்ணன் வந்தான். செருப்பைக்கூடக் கழற்றாமல் போனை அவள் மூக்குக்கு நேரே நீட்டினான். அண்ணன் பெயர் காத்தவராயன்.

"இது நீ எழுதினதுதான?"

ஹேமலதா பார்த்தாள். முதலில் கண் விரிந்தது. அப்புறம் சிரிப்பு வந்தது. மில் சத்தத்தையும் மீறிச் சிரித்தாள்.

"சிரிக்கிறியா? துறைமுகத்துல நொழைய முடியல. ஐஸ் ஒடைக்கிறவன்லாம் 'டேய் காத்தவராயா'ன்றான். டீக்கடைல 'தேரன்னைக்கி டீ குடிக்கலாமாடா'ன்னு கேக்கறான். எனுக்கு வயசு நாப்பது ஆவுது, தெரியுதா?"

"உன்னத்தான் சொல்லுதுன்னு அவங்களுக்கு எப்பிடிண்ணா தெரியும்?"

"ஏன், நம்மூர்ப் பசங்க சொல்ல மாட்டானுங்களா? தேரன்னைக்கிக் கடலுக்குப் போயி மாட்டின காத்தவராயன் இந்தக் கரையில எத்தினி பேரு இருக்கான்?"

அது உண்மைதான். அவர்கள் ஊர் பனங்குப்பத்தில் ஆடிக் கடைசி வெள்ளி மாரியம்மனுக்குத் தேர். அன்றைக்கு ஒரு படகும் கடலில் இறங்கக் கூடாது. தலைமுறை தலைமுறையாக அப்படி. காத்தவராயன் ஒரு வருடம், 'அம்மன் தேர்ல போவுது, நான் படகுல போறேன், ரெண்டு பேருக்கும் வழி வேற' என்று தத்துவம் பேசிவிட்டு இருட்டோடு இருட்டாகப் போய், கூடை நிறைய வஞ்சிரத்தோடு திரும்பி வந்து மாட்டினான். ஊர்ப் பஞ்சாயத்து கூடியது. தலைவர் மண்ணாங்கட்டி, அடுத்த தேருக்கு இவன் வடம் தொடக் கூடாது என்று சொல்லிவிட்டார். ஊரே வடம் பிடிக்கும்போது இவன் மட்டும் ஓரமாக நின்றான். அவர்கள் அம்மா அன்று வீட்டை விட்டே வெளியே வரவில்லை.

ஹேமலதாவுக்கு அப்போது வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல. அவள் பொறியியல் படித்தவள். நெல்லித்தோப்பில் மருந்துக்கடைகளுக்கு பில் போடும் சாஃப்ட்வேர் எழுதும் வேலை. அண்ணனும் ஊர்க்காரர்களும் கடலில் வழி தவறாமல் இருக்க, ஒழிந்த நேரத்தில் 'கரைசேர்' என்று ஒரு சாஃப்ட்வேர் எழுதிக்கொண்டிருந்தாள். அந்தக் கோபத்தில் அதற்குள் இந்த வரியைப் போட்டாள். ஆடிக் கடைசி வெள்ளியானால் அண்ணனைத் திட்டு, திட்டிவிட்டு மொத்தமாக அணைந்துவிடு. ஊரில்தான் அன்று ஒரு படகும் இறங்காதே, பிறகு இதற்கு என்ன வேலை? அப்போது அவளுக்கு உலகம் பனங்குப்பத்தோடு முடிந்திருந்தது.

சிரித்துக்கொண்டே இருந்தவள் சட்டென்று நிறுத்தினாள்.

"அண்ணா, அந்தச் செவப்பு பட்டன் வேல செஞ்சுதா?"

"பெட்டியே செத்துப்போச்சின்றேன். பட்டன் எப்பிடி வேல செய்யும்?"

மற்ற ஊர்களில் அன்று தேரில்லை. மற்ற ஊர்களில் படகு போயிருக்கிறது. அன்று யாராவது கவிழ்ந்து பொத்தானை அழுத்தியிருந்தால்? அவளுடைய கோபம் ஒருவனைக் கொன்றிருக்கும். யாரும் கவிழவில்லை என்பது கடலின் நல்ல குணமே தவிர, அவளுடைய கெட்டிக்காரத்தனம் அல்ல.

இதில் வேடிக்கை என்னவென்றால், அந்தப் பெட்டியை அவள் செய்யவே இல்லை.

கரைசேரை எழுதி முடித்ததும் அவள் அதை இணையத்தில் எல்லாருக்கும் பொதுவாக வைத்தாள். ஜிபிஎல் என்ற உரிமத்தின் கீழ் வைத்தாள். அந்த உரிமம் சொல்வது இவ்வளவுதான்: யார் வேண்டுமானாலும் எடுக்கலாம், மாற்றலாம், விற்கக்கூட விற்கலாம். ஆனால் விற்றால், வாங்கினவனுக்கு உள்ளே இருக்கும் மூல நிரலையும், அதாவது சோர்ஸ் கோடையும், கொடுக்க வேண்டும். அவன் அதைத் திருத்திப் போட்டுக்கொள்ளவும் வழி விட வேண்டும். பந்தியில் யாரும் உட்காரலாம், உட்கார்ந்தவன் பந்தியறைக் கதவைத் தாழ்ப்பாள் போடக் கூடாது என்கிற கணக்கு. பிறகு கோபம் ஆறி, வெட்கம் வந்து, அவள் அந்தத் திட்டு வரியையும் அணைக்கிற வரியையும் தன் நிரலிலிருந்து எடுத்தும் விட்டாள். அதற்குள் யாரோ பழைய நிரலை அள்ளிக்கொண்டு போயிருக்கிறார்கள். அள்ளினவர்கள் பெட்டியில் போட்டு, மேலே தங்கள் பெயரை ஒட்டி, தாழ்ப்பாளும் போட்டுவிட்டார்கள்.

அந்த யாரோவுக்கு 'நீலவலை டெக்' என்று பெயர். முதலாளி அருள்முருகன் பிரான்சில் மேனேஜ்மெண்ட் படித்தவர். பேச்சுக்கு முன்னால் பிரெஞ்சில் 'நல்லது' என்று ஒரு 'போன்', பேச்சுக்குப் பின்னால் 'அவ்வளவுதான்' என்று ஒரு 'வுவாலா' வைக்காமல் அவரால் தண்ணீர்கூடக் கேட்க முடியாது.

ஹேமலதா கம்பெனிக்கு மெயில் எழுதினாள். பதில் வரவில்லை. கொஞ்ச நாளில் எல்லாப் பெட்டிகளுக்கும் 'புதுப்பிப்பு' வந்தது. 'சிறு எழுத்துப் பிழை சரிசெய்யப்பட்டது' என்று படகுக்காரர்களுக்கு எஸ்.எம்.எஸ். போனது. அண்ணனின் பெட்டியை வீட்டுக்கு வாங்கி வந்து, அதற்குப் பொய்யாக வரப்போகிற ஆடிக் கடைசி வெள்ளியின் தேதியைக் காட்டிப் பார்த்தாள். பெட்டி அவளை ஒரு கணம் பார்த்தது, அணைந்தது. பொத்தானை அழுத்தினாள். ஒன்றுமில்லை. முன்பு திட்டிவிட்டுச் செத்த பெட்டி இப்போது திட்டாமல் சாகிறது. அவ்வளவுதான் அவர்கள் செய்த திருத்தம்.

நேரே போனாள். அருள்முருகன் ஏசி அறையில் உட்கார வைத்துக் காப்பி கொடுத்தார்.

"போன். அந்த மெசேஜ எடுத்தாச்சு மேடம்."

"மெசேஜ எடுத்தீங்க. பெட்டி அணையறத எடுக்கலியே. அது அடுத்த வரி. சோர்ஸ் கோடு குடுங்க, நானே வந்து உக்காந்து எடுத்துத் தரேன். காசு வேணாம்."

"எங்க சாஃப்ட்வேர் எங்க பசங்க எழுதினது. உங்க கோடு இதுல இல்ல. அப்புறம் உங்க வரி எப்படி இருக்கும்? வுவாலா."

ஹேமலதாவுக்கு அவருடைய சிக்கல் புரிந்தது. அணைகிற வரி இருக்கிறது என்று ஒப்புக்கொண்டால், அது அவளுடைய நிரல் என்று ஒப்புக்கொண்ட மாதிரி ஆகிவிடும். அதனால் வரி இல்லை. வரி இல்லாததால் சரிசெய்யவும் ஒன்றுமில்லை. இந்த அழகான ஏற்பாட்டில் சாகப்போகிறவன் எந்த ஊர்க்காரன் என்பது மட்டும்தான் தெரியாது.

ஊர் ஊராகப் போய்ப் படகுக்காரர்களிடம் சொல்லிப் பார்த்தாள். "அதான் சரி பண்ணிட்டாங்களேம்மா, எஸ்.எம்.எஸ். வந்துச்சே" என்றார்கள். ஒருவர், "காத்தவராயன் தங்கச்சியா நீ?" என்று கேட்டுவிட்டு விழுந்து விழுந்து சிரித்தார். அப்புறம் அவள் என்ன சொன்னாலும் அவர் காதில் ஏறவில்லை.

ஆனி பிறந்ததும் வக்கீல் புருஷோத்தமனிடம் போனாள்.

புருஷோத்தமன் முத்தியால்பேட்டையில் பாகப்பிரிவினை, பட்டா, வரப்புத் தகராறு இவற்றிலேயே தலை நரைத்தவர். அவருடைய தாத்தா பிரெஞ்சுக்காரன் காலத்தில் நொத்தேரிடம், அதாவது பத்திரம் எழுதும் அதிகாரியிடம், குமாஸ்தாவாக இருந்தவர். அதனால் முத்திரை இல்லாத காகிதம் அவர் கண்ணுக்குக் காகிதமாகவே தெரியாது.

"லைசென்ஸுன்னு சொல்றியே, நொத்தேர் முன்னாடி எழுதினதா?"

"இல்ல சார்."

"ஸ்டாம்ப் பேப்பர்?"

"இல்ல சார். இண்டர்நெட்ல."

"ரெண்டு பேரும் கையெழுத்துப் போட்டீங்களா?"

"யாரும் போட மாட்டாங்க சார். எடுத்துப் பயன்படுத்தினாலே ஒத்துக்கிட்டதா அர்த்தம்."

"காசு?"

"வாங்கல."

புருஷோத்தமன் கண்ணாடியைக் கழற்றி மேஜைமேல் வைத்தார். "கையெழுத்து இல்ல, முத்திர இல்ல, காசு இல்ல. இத யாரும்மா எழுதினது?"

"அமெரிக்காவுல சார்."

"அப்ப அங்கியே போயி கேஸ் போடு. எனுக்கு விசா இல்ல."

ஹேமலதா எழுந்திருக்கவில்லை. மறுபடியும் முதலிலிருந்து, பெட்டி, பொத்தான், பந்தி, தாழ்ப்பாள் எல்லாவற்றையும் சொன்னாள். சொல்லச் சொல்ல அவர் கண்ணாடியைத் திரும்ப எடுத்து மாட்டினார். கதிர்காமத்தில் அவர் நடத்தின ஒரு பழைய வழக்கு அவருக்கு ஞாபகம் வந்துவிட்டது. ஒருவன் தன் மனைக்குள் பக்கத்து வீட்டுக்காரன் நடந்துபோக விட்டிருந்தான். மாடு புகாமல் இருக்க, போகும்போது படலைச் சாத்திவிட்டுப் போ என்று மட்டும் சொல்லியிருந்தான். பக்கத்து வீட்டுக்காரன் படலைத் திறந்துபோட்டான். கேட்டால், படலைச் சாத்தணும்னு பத்திரம் இருக்கா என்றான்.

"நான் இன்னா கேட்டேன் தெரியுமா? பத்திரம் இல்ல, சரி. அந்தப் பேச்சே செல்லாது, அதுவும் சரி. அப்ப நீ அவன் மனைக்குள்ள நடக்கறதுக்கு யாருடா அனுமதி குடுத்தான்? மறுநாளே படலச் சாத்திட்டான்." அவர் மேஜையைத் தட்டினார். "இவனும் அதேதான்! லைசென்ஸ் செல்லும்னா, சோர்ஸ் குடுக்கணும். செல்லாதுன்னா, எழுதினவ நீ. காப்பிரைட் மொத்தமும் ஒன்னுது. ஒரு வரிகூட அவன் எடுத்திருக்கக் கூடாது. எந்தப் பக்கம் சாஞ்சாலும் தப்பிக்க முடியாது."

"எனக்கு அவர திருடன்னு காட்டணும்னு இல்ல சார். தேருக்கு முன்னாடி அந்தக் கோடு என் கையில வரணும். அவ்ளோதான்."

"அவசரம்னு காட்டினா, மொதல்ல சமரசம் பேசிட்டு வான்னு தொரத்த மாட்டாங்க. நேரா இடைக்காலத் தட கேக்கலாம். ஆனா ஒண்ணு." புருஷோத்தமனின் குரல் இறங்கியது. "அது உன் கோடுதான்னு நிரூபிக்கணும்னா, அந்தப் பெட்டிய அணைக்கிற வரியும் நான் எழுதினதுதான்னு நீ கோர்ட்ல நின்னு சொல்லணும். அவன் வக்கீலு அத அப்பிடியே ஒன் தலையில கட்டுவான். யோசிச்சிக்கோ."

அவள் யோசித்தாள். வேலை போகலாம். ஊரில் பேர் கெடலாம். ஆளைக் கொல்லப் பார்த்தவள் என்று பேப்பரில் வரலாம். பயமாகத்தான் இருந்தது, இல்லை என்று சொன்னால் பொய். ஆனாலும் அந்தப் பொத்தானை அழுத்திக்கொண்டே இருக்கும் ஒரு முகந்தெரியாத ஆளின் கட்டைவிரல் அவள் நினைப்பை விட்டுப் போக மாட்டேன் என்றது.

"போடுங்க சார்" என்றாள்.

கடலூர் சாலையில் இருக்கிற நீதிமன்றத்தில் வழக்கு வந்தபோது ஆடி பிறந்துவிட்டது. நீதிபதி ஒரு அம்மா. யார் பேசினாலும் பேனாவைக் கன்னத்தில் வைத்துக்கொண்டு நிதானமாகக் கேட்கிறவர். நீலவலைக்காகச் சென்னையிலிருந்து முகிலன் என்ற வக்கீல், புத்தகம் தூக்க இரண்டு ஜூனியர்களோடு வந்திருந்தார். பின்பெஞ்சில் வெள்ளைச் சட்டையில் காத்தவராயன். அவன் வழக்குக்காக வரவில்லை. தன் பெயர் எத்தனை தடவை அடிபடப்போகிறது என்று எண்ணிப் பார்க்க வந்திருந்தான்.

முகிலன் பிரமாதமாகப் பேசினார். "இதுக்குப் பேர் லைசென்ஸே இல்ல மேடம். கையெழுத்து கெடையாது, பிரதிபலன் கெடையாது. வாசல்ல தண்ணிப் பந்தல் வெச்சிட்டு, குடிச்சிட்டுப் போறவங்கள நிறுத்தி கண்டிஷன் போடற மாதிரி இருக்கு. சட்டத்துல இந்தக் காகிதத்துக்கு ஒரு மதிப்பும் இல்ல."

"அப்ப குடிச்சீங்க?" என்றார் நீதிபதி.

"இல்ல மேடம். ஒரு வாதத்துக்குச் சொன்னேன். இது எங்க கம்பெனி ஆளுங்க பெங்களூர்ல உக்காந்து சொந்தமா எழுதினது."

புருஷோத்தமன் எழுந்து, போனை நீதிபதியின் மேஜையில் வைத்துப் போன வருடத்துப் படத்தை ஓடவிட்டார். திரையில் 'டேய் காத்தவராயா' என்ற எழுத்து வர, அதைப் பார்த்துப் படகுக்காரர்கள் போட்ட கூச்சல் மன்றம் முழுக்கக் கேட்டது. பின்பெஞ்சில் காத்தவராயன் கண்ணை மூடிக்கொண்டான். நீதிபதி பேனாவைக் கன்னத்திலிருந்து வாய்க்கு நகர்த்தினார். சிரிப்பை அமுக்குகிறார் என்று எல்லாருக்கும் தெரிந்தது.

"காத்தவராயன் பொதுவான பேரு மேடம்" என்றார் முகிலன். "தற்செயல்."

"பொதுவான பேரே இருக்கட்டும்" என்றார் புருஷோத்தமன். "ஆடி கடைசி வெள்ளிக்கிப் பெங்களூர்ல எந்தத் தேருங்க ஓடுது? அங்க எந்தக் காத்தவராயன் கடலுக்குப் போறான்?"

பெங்களூரின் கடலைப் பற்றி முகிலனிடம் குறிப்பு ஒன்றும் இல்லை.

அப்புறம் ஹேமலதாவை அழைத்தார்கள். அண்ணனுடைய பெட்டியைக் கையில் எடுத்துக்கொண்டு போய் நின்றாள். முதலில் அன்றைய தேதியிலேயே பொத்தானை அழுத்திக் காட்டினாள். பக்கத்து மேஜையில் வைத்திருந்த இன்னொரு பெட்டி ஊளையிட்ட ஊளையில் ஒரு ஜூனியர் புத்தகங்களைக் கீழே போட்டார். பிறகு தேதியை மாற்றினாள். திரை இருண்டது. அழுத்தினாள். மறுபடி அழுத்தினாள். பக்கத்து மேஜைப் பெட்டி ஊளையிடவில்லை.

"அந்த வரிய எழுதினது நான்தாம்மா" என்றாள். "எங்கண்ணன் மேல கோவத்துல எழுதினேன். எங்க ஊர்ல அன்னைக்கி யாரும் கடலுக்குப் போவ மாட்டாங்க, அதனால எல்லாத்தையும் அணைச்சா இன்னான்னு நெனச்சேன். மத்த ஊரப் பத்தி நெனைக்கல. தப்பு என்னுதுதான். எங்கிட்ட இருக்கறத அப்பவே திருத்திட்டேன். பெட்டிக்குள்ள இருக்கறதத் திருத்த முடியல. பூட்டி வெச்சிருக்காங்க."

நீதிபதி பேனாவைக் கீழே வைத்தார். "மிஸ்டர் முகிலன். தேரன்னைக்கு ஒருத்தர் இந்தப் பட்டன அழுத்திட்டே முழுகினா, யாரு பொறுப்பு?"

அருள்முருகன் வியர்த்துப்போய் முகிலனின் காதைக் கடித்தார். முகிலன் அவசரமாகப் பெட்டியோடு வரும் கையேட்டை எடுத்துக் கடைசிப் பக்கத்தைப் புரட்டினார். "கம்பெனிக்குப் பொறுப்பு கெடையாது மேடம்! இதோ, தெளிவாப் போட்டிருக்கு." பெரிய எழுத்து ஆங்கிலத்தில் இருந்ததை வாசித்தார்: இந்த மென்பொருளுக்கு எந்த உத்தரவாதமும் இல்லை, உள்ளது உள்ளபடியே தரப்படுகிறது, இதனால் வரும் எந்த நஷ்டத்துக்கும் பதிப்புரிமையாளரோ, இதை மாற்றி வழங்குகிறவரோ பொறுப்பல்ல. "கம்பெனி இதை மாத்தி வழங்குறவங்க மட்டும்தான். பெட்டிய வாங்கினவங்களுக்கு அந்த கண்டிஷன் கட்டாயம் செல்லும்."

புருஷோத்தமன் தன் காகிதக் கட்டிலிருந்து ஜிபிஎல்லை உருவி, உத்தரவாதம் பற்றிய இடத்தில் விரலை வைத்து நீதிபதியிடம் நீட்டினார். நீதிபதி இதைப் பார்த்தார், அதைப் பார்த்தார். எழுத்துக்கு எழுத்து ஒன்று. கமாவுக்குக் கமா ஒன்று.

"இது அவங்க லைசென்ஸ்லேருந்து எடுத்தது" என்றார்.

"பொதுவான வாசகம் மேடம்…"

"காத்தவராயனும் பொது, வாசகமும் பொதுவா? மாத்தி வழங்குறவங்கன்னு இப்ப நீங்கதான சொன்னீங்க? யாருடையத மாத்தினீங்க?" நீதிபதியின் குரல் உயரவில்லை, அதனால்தான் பயமாக இருந்தது. "கொஞ்சம் முன்னாடி இந்தக் காகிதத்துக்கு மதிப்பே இல்லன்னீங்க. இப்ப உங்க தலையக் காப்பாத்த அதே காகிதத்தப் புடிச்சித் தொங்கறீங்க. உங்களுக்குச் சாதகமான பாரா செல்லும், மத்த பாரா செல்லாதுன்னு பிச்சித் தின்ன முடியாது. செல்லும்னா முழுசாச் செல்லும்."

முகிலன் உட்கார்ந்தார். அவருக்கு நியாயமாகத் தோன்றிவிட்டதா, கால் வலித்ததா என்பது தெரியவில்லை.

உத்தரவு அன்று மாலையே வந்தது. தேருக்கு முன்னால் மூல நிரலையும் அதைத் திருத்திப் பெட்டியில் ஏற்றும் வழியையும் கொடுக்க வேண்டும். முடியாதென்றால் விற்ற பெட்டி அத்தனையையும் திரும்ப வாங்கிக்கொள்ள வேண்டும். இது இடைக்கால உத்தரவுதான். வழக்கு இன்னும் நடக்கிறது, நம்மூர் வழக்கு வேறு எப்படி இருக்கும்? போகும்போது நீதிபதி ஹேமலதாவைக் கூப்பிட்டார்.

"வீட்டுச் சண்டைய வீட்லயே போடும்மா. கம்ப்யூட்டர்ல போடாத."

அருள்முருகன் கணக்குப் போடத் தெரிந்தவர். ஒரு பென்டிரைவில் நிரல் வந்து சேர்ந்தது. ஹேமலதா திறந்து பார்த்தாள். கம்பெனிப் பசங்கள் எங்கெங்கோ மாற்றியிருந்தாலும், அவளுடைய பழைய குறிப்புகள் எழுத்துப் பிழையோடு அப்படியே கிடந்தன. அணைக்கிற வரிக்குப் பக்கத்தில், 'இது அண்ணனுக்கு மட்டும்' என்று அவளே எழுதி வைத்திருந்தாள். அதைப் படித்தபோது அவளுக்குச் சிரிப்பு வரவில்லை, அழுகைதான் வந்தது. அழித்தது ஒரே ஒரு வரி. அந்த வாரம் கரை நெடுக நிழல்வலைப் பந்தலில் லேப்டாப்போடு உட்கார்ந்து பெட்டிக்குப் பெட்டி ஏற்றிக் கொடுத்தாள். நீலவலைப் பசங்களும் கூட உட்கார்ந்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள்: "அந்தத் திட்டு இனிமே வராதா?" சிலருக்கு வருத்தமாகக்கூட இருந்தது.

ஆடிக் கடைசி வெள்ளி வந்தது. பனங்குப்பத்தில் தேர் நிலையை விட்டுக் கிளம்பிக் கடற்கரைத் தெருவுக்குள் திரும்பியது. காத்தவராயன் முன்வரிசையில் வடம் பிடித்திருந்தான். மண்ணாங்கட்டி தலைப்பாகையோடு முன்னால் நடந்தார். ஹேமலதா பெண்கள் கூட்டத்தில் தேங்காய்த் தட்டோடு நின்றாள். காலையிலிருந்தே காற்று சரியில்லை. மேளக்காரரின் துண்டு இரண்டு தடவை பறந்துவிட்டது.

தேர் பாதித் தெரு வந்திருக்கும். மணலில் ஏற்றி வைத்திருந்த படகிலிருந்து ஒரு பெட்டி ஊளையிட்டது. பின்னாலேயே அடுத்தது. அப்புறம் வரிசையாக நின்ற படகுகளிலெல்லாம் பெட்டிகள் ஒன்றாக ஊளையிட, மேளம் தானாக நின்றது.

காத்தவராயன் வடத்தை விட்டுவிட்டு ஓடினான். ஹேமலதாவும் தட்டைப் பக்கத்தில் இருந்தவளிடம் திணித்துவிட்டு ஓடினாள். திரையில் கரைக்கு நேர் கிழக்கே ஒரு சிவப்புப் புள்ளி துடித்தது. கடலூர்ப் பக்கத்துப் படகு எண்.

மண்ணாங்கட்டி மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "டேய், இன்னைக்கிப் படகு எறக்கக் கூடாதுடா."

காத்தவராயன் அவரைப் பார்த்தான், நின்றுபோன தேரைப் பார்த்தான், கடைசியில் தங்கையைப் பார்த்தான். "போனா மறுபடியும் வடம் தொட உடமாட்டாங்க, லதா."

"போண்ணா" என்றாள். "போண்ணா, சீக்கிரம்."

மண்ணாங்கட்டி பெட்டியைப் பார்த்தார். அது நிறுத்தாமல் ஊளையிட்டது. அவர் தலைப்பாகையை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டு, தேர்ப் பக்கம் திரும்பிக் கத்தினார். "ஆத்தா கொஞ்சம் நிக்கட்டும்! இங்க வந்து கை குடுங்கடா!"

வடம் பிடித்த கைகள் எல்லாம் வந்து படகைத் தள்ளின. பட்டு வேட்டி, விபூதி, மாலை எல்லாவற்றோடும் அலைக்குள் இறங்கித் தள்ளினார்கள். காத்தவராயனும் இன்னும் இரண்டு பேரும் ஏறிக்கொண்டார்கள்.

அதற்குப் பிறகு கரையில் செய்ய ஒன்றும் இல்லை. தேர் நடுத்தெருவில் நின்றது. ஹேமலதா மற்றொரு படகில் இருந்த பெட்டியைக் கட்டிப்பிடித்தபடி, அண்ணனின் பச்சைப் புள்ளி சிவப்புப் புள்ளியை நோக்கி ஊர்ந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். இரண்டும் ஒட்டின. ஒட்டி வெகுநேரம் அங்கேயே நின்றன. பிறகு கரைப் பக்கம் நகர ஆரம்பித்தபோதுதான் அவள் மூச்சு விட்டாள்.

படகு திரும்பியபோது அதில் இரண்டு பேர் கூடுதலாக இருந்தார்கள். ஃபைபர் படகு கவிழ்ந்து, அடிப்பக்கத்தைப் பிடித்துத் தொங்கிக்கொண்டிருந்தவர்கள். ஒருவர் பெரியவர், பேச முடியாமல் நடுங்கினார். மற்றவன் நடுங்கிக்கொண்டே பேசினான். பேசாமல் இருந்தால் செத்துவிடுவோமோ என்ற பயம்.

"அண்ணே, கும்புட்ற சாமி மாரி வந்த. இது எந்த ஊருண்ணே?"

"பனங்குப்பம்."

"உம் பேரு இன்னாண்ணே?"

காத்தவராயன் காதில் விழாத மாதிரி எஞ்சினைத் தூக்கினான். ஒரு வருடமாக அவன் அந்நியர்களிடம் பெயரைச் சொல்வதில்லை. ஆனால் கரையில் நின்ற மண்ணாங்கட்டிக்கு அந்த நாசூக்கெல்லாம் எங்கே தெரியும்?

"டேய் காத்தவராயா! கயித்த இந்தப் பக்கம் போடுடா!"

நடுங்கிக்கொண்டிருந்தவன் நடுக்கத்தை மறந்து வாயைப் பிளந்தான். அண்ணாந்து காத்தவராயனைப் பார்த்தான், தெருவில் நிற்கும் தேரைப் பார்த்தான், மறுபடியும் காத்தவராயனைப் பார்த்தான்.

"அந்தப் பெட்டில வந்த காத்தவராயன்… நீதானா?"

காத்தவராயன் கயிற்றைக் கரைக்கு வீசினான். தண்ணீரில் இடுப்பளவு நின்ற தங்கையை ஒரு பார்வை பார்த்தான்.

"ஆமா" என்றான், கரை முழுக்கக் கேட்கிற மாதிரி. "தேரன்னைக்கிக் கடலுக்குப் போறவன் நான்தான்."